ரிம்மில் காய்ந்த பசை

பந்தய சைக்கிள்களில் ஒருவகை டயர், ரிம்மின் எந்த விளிம்பையும் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை; பசைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ட்யூபுலர் எனப்படும் இந்த டயரில், உள்ளிருக்கும் டியூபைச் சுற்றிப் பருத்தித் துணியையோ பட்டையோ செயற்கை இழையையோ போர்த்தி, அடிப்பக்கத்தில் தைத்து மூடிவிடுவார்கள். தையலின் மேல் ஒரு பருத்தி நாடா ஒட்டப்படும். ரிம்மின் மேற்பரப்பு ஆழமில்லாத பள்ளமாக வளைந்திருக்கும்; நாடா அந்தப் பள்ளத்தில் பசையோடு படிந்து உட்காரும். சாதாரண சைக்கிளில் டயரின் இரு ஓரங்களிலும் உள்ள கம்பி, ரிம்மின் உதட்டுக்குள் மாட்டிக்கொள்வதால் அங்கே பசைக்கு வேலையே இல்லை. ட்யூபுலர் டயரைக் கழற்றினாலோ, ரிம்மில் பழுப்பேறிய ஒரு மேலோடு மிஞ்சுகிறது. ஓரிடத்தில் கட்டியாக, ஓரிடத்தில் செதிலாக, இன்னோரிடத்தில் விரலில் ஒட்டும் களிம்பாக இருக்கும் அந்தப் பழைய பசையை எடுப்பது, பார்க்க எளிதாகத் தோன்றினாலும் பொறுமையைச் சோதிக்கும் வேலை.

இந்தத் தொல்லை சைக்கிள் டயரின் வரலாற்றையே ஒருமுறை திருப்பியிருக்கிறது. ஜான் பாய்ட் டன்லப் 1888இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் காலத்து டயர்கள் ரிம்மோடு ஒட்டப்பட்டவை. பின்னர் பிரான்சின் க்ளேர்மோன் ஃபெரானில் இருந்த மிஷ்லென் சகோதரர்களின் ரப்பர் தொழிற்சாலைக்கு, பஞ்சரான டன்லப் டயரோடு ஒரு சைக்கிள்காரர் வந்தார் என்பது அந்நிறுவனம் இன்றும் சொல்லும் கதை. டயரைப் பிரித்து ஓட்டையை அடைக்க மூன்று மணி நேரம், ஒட்டிய பசை காய ஒரு முழு இரவு. பசையே வேண்டாத, கழற்றி மாட்டக்கூடிய டயரை மிஷ்லென் உருவாக்கியது அதன் பிறகுதான். 1891இல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் அந்த டயரில் ஓட்டி வென்றார். ஆனாலும் எடை குறைவு என்பதாலும், பஞ்சரானாலும் ரிம்மை விட்டுச் சட்டென்று கழன்றுவிடாது என்பதாலும், ஒட்டும் டயர் அதன் பின் நூறாண்டுக்கும் மேலாகப் பந்தயக்காரர்களிடம் நிலைத்தது. சாலைப் பந்தய அணிகள் அண்மை ஆண்டுகளில்தான் பெரும்பாலும் டியூப் இல்லாத டயருக்கு மாறின. ஓடுதளப் பந்தயங்களிலும் ஜப்பானின் கெய்ரின் பந்தயங்களிலும் பசைக்கு இன்னும் வேலை இருக்கிறது.

பசை எவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்று கேட்டால், நினைப்பதை விடக் குறைவுதான். டயர்த் துணியின் இழைகள் சக்கரத்தின் சுற்றுக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்வில் பின்னப்பட்டவை. இப்படிப் பின்னிய குழாயில் காற்றடைத்தால் அது தடிக்கும்போதே நீளத்தில் சுருங்கப் பார்க்கும். வட்டமாக இருக்கும் டயர் நீளத்தில் சுருங்கினால் ரிம்மை இறுக்கிப் பிடிக்கும். சாய்வு 54.7 பாகையைத் தாண்டினால் விளைவு தலைகீழாகி, குழாய் நீளத் தொடங்கிவிடும். டயர் செய்பவர்கள் அந்த எல்லைக்கு உள்ளேயே நிற்கிறார்கள். ஆக, நேராக ஓடும்போது காற்றழுத்தமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. சிக்கல் வளைவில் வருகிறது. அப்போது டயர் பக்கவாட்டில் தள்ளப்பட்டு, நாடாவின் ஓரம் ரிம்மிலிருந்து உரியப் பார்க்கிறது. உரிப்பு விசை ஒட்டிய பரப்பு முழுவதிலும் பரவுவதில்லை. உரியும் விளிம்பின் மெல்லிய கோட்டில் குவிகிறது. எனவே ரிம்மின் நடுவில் பசை எப்படி இருந்தாலும் பெரிய கெடுதலில்லை. ஓரத்தின் சில மில்லிமீட்டர்களே டயரின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன. பழைய பசை கட்டி தட்டி, நாடாவின் ஓரத்தை ரிம்மில் படியவிடாமல் தூக்கி நிறுத்துவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. சைக்கிளும் ஓட்டுபவரும் சேர்ந்து 80 கிலோ என்றால், 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது ஏறத்தாழ 390 கிலோஜூல் ஆற்றல் வெளியேற வேண்டும். பிரேக் பிடித்து மெதுவாக இறங்கினால் அதில் பெரும்பங்கு ரிம்முக்குள் போகும். இரண்டு அலுமினிய ரிம்களும் சேர்ந்து 900 கிராம் எடை என்று கொண்டால், காற்றுக் குளிர்ச்சியே இல்லாத கற்பனைக் கணக்கில் அவற்றின் வெப்பநிலை 480 டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிடும். உண்மையில் காற்று பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சும் சூடே பசையை இளக்கப் போதுமானது. 2003 டூர் டி ஃபிரான்ஸில், ஜூலை 14 அன்று காப் நகரை நோக்கிய இறக்கத்தில் ஸ்பெயின் வீரர் ஹோசேபா பெலோகி விழுந்தது இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படும் விபத்து. வெயிலில் சாலையின் தார் உருகியிருந்தது, பின்சக்கரம் வழுக்கியது, டயர் ரிம்மை விட்டு உரிந்தது, அவருடைய தொடை எலும்பு முறிந்தது. அங்கே தார், பிரேக், பசை மூன்றில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ரிம்மை விட்டு டயர் உரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான காட்சி வேறில்லை.

பழைய பசையை எப்படி எடுப்பது என்பதற்கு முன்னால், அது எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். பஞ்சர் கடையில் ‘சொல்யூஷன்’ என்று கேட்டு வாங்கும் சிறு ட்யூபின் நெருங்கிய உறவுதான் ரிம் பசை. இயற்கை ரப்பரோ, நியோப்ரீன் போன்ற செயற்கை ரப்பரோ, எளிதில் ஆவியாகும் ஒரு கரைப்பானில் கரைந்திருக்கும். ஒட்டுந்தன்மையைக் கூட்டப் பைன் மரப் பிசினிலிருந்து எடுத்த ரெசின் போன்ற ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். தடவியதும் கரைப்பான் பறந்துவிடும். ரப்பரும் ரெசினும் தங்கிவிடும். சாலைப் பந்தயத்துக்கான பசை முழுக்க இறுகாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும். பஞ்சரானால் டயரை வழியிலேயே உரித்து வேறொன்றைப் போட இந்த இளக்கம் தேவை. தோளில் உதிரி டயரைக் குறுக்காக மாட்டியபடி பழைய வீரர்கள் நிற்கும் படங்களின் பின்னால் இருப்பது இந்த வசதிதான். இளக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. சக்கரம் சுழலும்போது டயர் பசைமேல் நுண்ணளவில் அசைந்து ஆற்றலை வீணாக்குகிறது என்பதை, ‘தி பைசிகிள் வீல்’ நூலை எழுதிய பொறியாளர் ஜாப்ஸ்ட் பிராண்ட் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார். ஓடுதளப் பந்தயக்காரர்கள் அரக்குக் கரைசல் போன்ற, கல்லாக இறுகும் பசையை நாடியதற்கு இதுவே காரணம். அரக்கு ரப்பரல்ல என்பதால் அதை எடுக்கும் வழியும் வேறு: ஸ்பிரிட் போதும், அதற்கு அசைந்து கொடுத்துவிடும்.

காலப்போக்கில் காற்றின் ஆக்சிஜனும் சூடும் ரப்பரை மாற்றுகின்றன. மாற்றம் இரண்டு திசையில் போகக்கூடும். இயற்கை ரப்பரில் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபடுவது மேலோங்கினால் பசை குழைந்து களிம்பாகிவிடும். நியோப்ரீன் வகையில் சங்கிலிகளுக்கு இடையே புதுப் பிணைப்புகள் உண்டாவது மேலோங்குவதால் அது விறைத்து, வெடித்து, செதிலாகும். ஒரே ரிம்மில் இருவகையும் கலந்து கிடந்தால், முன்னால் ஓட்டியவர் வேறு வேறு பசைகளைப் பூசியிருக்கிறார் என்று ஊகிக்கலாம். பிணைப்பு விழுந்த ரப்பர் இனி எந்தக் கரைப்பானிலும் முழுதாகக் கரையாது. ஊறி உப்பும், அவ்வளவே. கரைய மறுக்கிறதே என்று கடுமையான ரசாயனத்தைத் தேடி அலைபவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். கரைய வேண்டிய தேவையே இல்லை. உப்பிய பசை உலோகத்தின் மேல் பிடியை இழக்கும். பிறகு சுரண்டினால் வந்துவிடும்.

எல்லாப் பழைய பசையையும் எடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. மெல்லியதாகச் சீராகப் படிந்து, விரல் நகத்தால் அழுத்தினால் இன்னும் இழுபடும் படலம், புதுப் பசைக்கு நல்ல அடித்தளம். புதுப் பசையிலுள்ள கரைப்பான் அதை இளக்கித் தன்னோடு ஒன்றாக்கிக்கொள்ளும். டயரைக் கழற்றும்போதே இதற்கான தடயம் கிடைத்துவிடும். நாடாவிலும் ரிம்மிலும் பசை பங்கு பிரிந்து ஒட்டியிருந்தால், பசை தன் நடுவில்தான் கிழிந்திருக்கிறது. உலோகத்தின் மேல் அதன் பிடி உறுதியாக இருக்கிறது. பசை முழுதும் நாடாவோடு போய் ரிம் பளிச்சென்று தெரிந்தால், அந்த இடத்தில் பிடியே இருந்ததில்லை. நாடாவில் சாம்பல் நிறத் தூள் அப்பியிருந்தால் டயர் ரிம்மின் மேல் உரசி நகர்ந்திருக்கிறது; அது அலுமினியத் தூள். செதிலாகியது, கட்டி தட்டியது, எண்ணெயோ மண்ணோ கலந்தது, என்ன பசை என்றே தெரியாதது ஆகியவற்றை எடுத்துவிடுவது நல்லது. பசைக்குப் பதில் ஒட்டுநாடாவால் ஒட்டிய டயரைக் கழற்றியபின் மிஞ்சும் கோந்தின் மேல் பசை பூசுவதும் சரிவராது.

வேலையைச் சுரண்டலில் தொடங்குவதே முறை. செதிலானது காய்ந்த நிலையிலேயே மரச்சிராயாலோ கெட்டியான பிளாஸ்டிக் சுரண்டியாலோ தட்டினால் உதிரும். களிம்பானதை உலர்ந்த விரல்களால் உருட்டினாலே அது தன்னைத் தானே திரட்டிக்கொண்டு வரும். உலோகச் சுரண்டியின் கூர்முனை, ரிம்மின் மேலுள்ள சில மைக்ரோமீட்டர் தடிமனான ஆக்சைடு பூச்சைக் கீறிவிடும். துளையிடும் கருவியில் எஃகுக் கம்பி பிரஷை மாட்டித் தேய்ப்பது வேகமான வழி. அலுமினியத்துக்குச் சகித்துக்கொள்ளக்கூடிய வழி. கார்பன் ரிம்முக்குக் கூடவே கூடாத வழி. கார்பன் இழை ஒன்று அறுந்தாலும் அறுந்ததுதான்.

சூடு இரண்டாவது வழி. தலைமுடி உலர்த்தியின் சூடே பல பசைகளை இளக்கிவிடும். ஒரு சாண் நீளத்தைச் சூடாக்கி, இளகியதும் சுரண்டி, சுரண்டியில் ஒட்டியதை உடனே துணியில் துடைத்துவிட்டு அடுத்த சாணுக்குப் போக வேண்டும். வெப்பக் காற்றுத் துப்பாக்கியின் முனையில் 500 டிகிரி வரை வரும் என்பதால் அங்கே கவனம் இரட்டிப்பாகத் தேவை. அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும் என்ற தைரியம் பொய்யானது. ரிம்முக்கான அலுமினியக் கலவைகள் 170 டிகிரியை ஒட்டிய சூட்டில் பல மணி நேரம் பதப்படுத்தி வலுவேற்றப்பட்டவை. அதைவிட அதிகச் சூட்டில் நின்றால் அந்த வலு குலையும். கார்பன் ரிம்மில் இழைகளைப் பிணைத்திருக்கும் எபாக்சி ரெசின் அதற்கும் முன்பே தளர்ந்துவிடலாம். குளிர்வித்து உடைக்கலாமே என்ற யோசனையும் உண்டு. இயற்கை ரப்பர் கண்ணாடிபோல நொறுங்க ஏறத்தாழ −70 டிகிரி வேண்டும். வீட்டு உறைபெட்டியின் −18 டிகிரி பிசுபிசுப்பைக் கொஞ்சம் அடக்குமே ஒழிய, உடைக்காது.

மிச்சத்துக்குத்தான் கரைப்பான். பலாப்பழம் அரிந்த கையிலும் கத்தியிலும் ஒட்டும் பால் தண்ணீரில் போகாமல் தேங்காய் எண்ணெயில் போவதைத் தமிழ் வீடுகள் அறியும். ரிம்மில் நடப்பதும் அதே விதிதான்: தன் இனம் தன் இனத்தைக் கரைக்கும். இந்த விதிக்கு எண் வடிவம் கொடுத்தவர் கலிபோர்னியாவின் வேதியியலாளர் ஜோயல் ஹில்டிபிராண்ட். மூலக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வளவு இறுகப் பிடித்திருக்கின்றன என்பதைக் குறிக்கும் கரைதிறன் எண்ணை அவர் 1930களில் வகுத்தார். இயற்கை ரப்பருக்கு அது சுமார் 17. டொலுயீனுக்கு 18, ஹெக்சேனுக்கு 15, அசிட்டோனுக்கு 20, தண்ணீருக்கு 48. எண்கள் எவ்வளவு நெருங்கி இருக்கின்றனவோ அவ்வளவு எளிதாகக் கரையும்.

அசிட்டோன் ஏமாற்றுவது ஏன் என்பதும் இங்கே விளங்கும். நகப்பூச்சு அழிக்கும் திரவமாக எல்லோருக்கும் அறிமுகமானது அது. கையில் எடுக்கத் தோன்றும் முதல் திரவமும் அதுதான். இயற்கை ரப்பர்ப் பசையில் அது ரெசினை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு ரப்பரை விட்டுவிடும். ரப்பர்த் தொழிலில், ஒரு மாதிரியில் ரெசின் போன்ற பொருள்கள் எவ்வளவு என்று அளக்கவே அசிட்டோனால் பிரித்தெடுக்கும் சோதனை இருக்கிறது. ரெசினை இழந்த ரப்பர் ஒட்டுந்தன்மை போய்ச் சிறு சிறு உருண்டைகளாகத் திரளும். கரையவில்லை என்று அலுத்துக்கொள்ளத் தேவையில்லை. அந்த உருண்டைகளைத் துடைத்து எடுப்பது பல நேரம் கரைப்பதைவிடச் சுத்தமான வேலை. டொலுயீன் கலந்த தின்னர் ரப்பரையே கரைக்கும். ஆனால் கரைந்த பசை கூழாகி ரிம் முழுக்க இழுபடும். துணியை மாற்றாமல் துடைத்தால் ஓரிடத்துப் பசை எல்லா இடத்துக்கும் பரவும்.

ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கும் லிமோனீன் இந்த வேலைக்கு வியக்கத்தக்க பொருத்தம். அதன் கரைதிறன் எண் ரப்பருடையதை ஒட்டியே நிற்கிறது. அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்க, லிமோனீன் 176 டிகிரியில்தான் கொதிக்கும். ஆகவே பறந்துவிடாமல் பசைமேல் தங்கி ஊறும். ஊற நேரம் கொடுப்பதே இங்கே முழு இரகசியம். ஒரு திரவம் படலத்துக்குள் ஊடுருவ ஆகும் நேரம், படலத் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அரை மில்லிமீட்டர்ப் பசை பத்து நிமிடத்தில் ஊறும் என்றால் ஒரு மில்லிமீட்டர்ப் பசைக்கு நாற்பது நிமிடம். துணிப்பட்டையை நனைத்து ரிம்மின் பள்ளத்தில் சுற்றிப் படியவைத்து, மேலே பாலித்தீன் தாளால் மூடிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பதே கைதேர்ந்தவர் வழி. தேய்த்துக்கொண்டே இருப்பவர் கைதான் வலிக்கும். லிமோனீனில் ஒரு குறையும் இருக்கிறது: அது எண்ணெய்ப் படலம் ஒன்றை விட்டுச் செல்லும். முடிவில் அசிட்டோனாலோ ஐசோபுரோபைல் ஆல்கஹாலாலோ ஒருமுறை துடைக்காவிட்டால் புதுப் பசை பிடிக்காது. மண்ணெண்ணெய்க்கும் இதே குறை, இன்னும் பெரிய அளவில். பெட்ரோலோ −40 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவியை விடுவது, பென்சீன் கலந்தது. எதற்கெடுத்தாலும் பெட்ரோல் என்ற பழக்கத்தை இந்த வேலையிலாவது விட்டுவிடலாம்.

பழைய பெயின்டை உரிக்கும் ரசாயனக் கூழ் அலுமினிய ரிம்மில் அபாரமாக வேலை செய்யும். அவற்றுள் பலவற்றின் உயிர்நாடியான மெத்திலீன் குளோரைடு எபாக்சியையும் உப்ப வைக்கும் என்பதால் கார்பன் ரிம்மின் பக்கத்திலேயே அதைக் கொண்டுவரக் கூடாது. ரிம் வெளியே அழகாகவும் உள்ளே தளர்ந்தும் போய்விடும். ஆவியைச் சுவாசித்து உயிரிழப்புகள் நேர்ந்ததால், பெயின்ட் உரிக்க அதைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்கா 2019இல் தடைசெய்தது. அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாவோ நேரெதிர்: பசையை அவ்வளவாகத் தொடாது, அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும்.

ரிம்மில் கரைப்பான் எட்டக்கூடாத இடங்கள் இரண்டு. ஸ்போக் துளைகள் வழியே அது ரிம்மின் உட்கூட்டுக்குள் இறங்கினால், கரைந்த பசையையும் உடன் கொண்டுபோகும். நாட்கள் கழித்து நிப்பிள் வழியாகக் கசிந்து வெளியே வரும். துளைகளை முன்கூட்டியே அடைத்துவிட்டு, திரவத்தை ரிம்மில் ஊற்றாமல் துணியில் மட்டும் எடுத்துக்கொண்டால் இது நேராது. மற்றொன்று பிரேக் கட்டை உரசும் பக்கச் சுவர். அங்கே கண்ணுக்குத் தெரியாத அளவில் பசை படிந்தாலும் பிரேக் கத்தும், அல்லது திடீரென்று கவ்வும். பக்கச் சுவரை மறைக்கும் நாடாவை ஒட்டிக்கொண்டு தொடங்குவது இதற்காகத்தான்.

அசிட்டோனின் ஆவியும் டொலுயீனின் ஆவியும் காற்றைவிடக் கனமானவை; தரையில் தவழ்ந்து, எங்கோ இருக்கும் அடுப்பு நெருப்பை எட்டும். வேலையைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும்; வெப்பக் காற்றுத் துப்பாக்கியையும் கரைப்பானையும் ஒரே வேளையில் பயன்படுத்தவே கூடாது. மெல்லிய நைட்ரைல் கையுறையை அசிட்டோன் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். அதற்குப் பியூட்டைல் ரப்பர்க் கையுறை. லிமோனீனுக்கு நைட்ரைல் தாங்கும். இயற்கையானது என்ற எண்ணத்தில் லிமோனீனை வெறுங்கையால் தொட வேண்டியதில்லை; காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்த லிமோனீன் தோல் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது.

பசை போய்விட்டதா என்பதற்கு அலுமினியத்தில் எளிய சோதனை ஒன்று உண்டு. பள்ளத்தில் சுத்தமான நீரை வழியவிட்டால், தூய்மையான பரப்பில் அது உடையாத படலமாகப் பரவும். கொழுப்போ பசையோ மிஞ்சிய இடத்தில் விலகித் துளியாகத் திரளும். கார்பனின் எபாக்சிப் பரப்பு இயல்பிலேயே வேறு மாதிரி நனைவதால் இந்தச் சோதனையை அங்கே நம்ப முடியாது. வெள்ளைத் துணியில் கறை வராத வரை துடைப்பதே வழி. நீர் நன்கு உலர்ந்த பிறகுதான் புதுப் பசை.

பளபளக்கும் ரிம்மைப் பார்த்ததும் டயரை ஒட்டக் கை பரபரக்கும். அதற்கு முன் ஸ்போக் துளைகளைச் சுற்றி நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம். ஸ்போக்கின் இழுவிசையால் அலுமினியம் களைத்துப்போய் உண்டாகும் மயிரிழை விரிசல்கள் அங்கேதான் தொடங்கும். பழைய பசை மூடியிருக்கும் வரை அவை கண்ணில் படுவதில்லை. விரிசல் தெரிந்தால் அந்த ரிம்மில் மறுபடி டயர் ஒட்டக் கூடாது. ரிம்மையே மாற்ற வேண்டும்.